நாலு பேர் அறிய

சீர்திருத்தம் பேசும் நம்மவர், சடங்கு என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே முகஞ் சுளிப்பது வழக்கம். பொருள் விரயம், கால விரயம், புரோகிதருக்கு வரும்படி, ஏழைக்குக் கடன் என்று அவர்கள் அடுக்கும் குற்றங்கள் பெரும்பாலும் உண்மையே. தோட்டத்து ஆபீசில் முன்பணக் கணக்கு எழுதும் ஒரு கிராணிக்கு இதனை எவரும் எடுத்தோத வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்த வீட்டில் என்ன விசேஷம் நடந்தது என்பதைக் கணக்குப் புத்தகமே சொல்லிவிடும். ஆயினும், சடங்கு வெறும் மூடத்தனம் என்று சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவோர் ஒரு கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். பயனற்றதொரு காரியத்தை, அறிவும் அநுபவமும் வாய்ந்த மக்கள், பூமியின் எல்லாப் பாகங்களிலும், அதுவும் தனித்தனியே வீட்டுக்குள் செய்துகொள்ளாமல் கூட்டங்கூடியே செய்துவருவானேன்?

இதற்கு விடை நம் தாய்மார்களின் பேச்சிலேயே இருக்கிறது. "நாலு பேர் அறிய" என்கிறோம். கலியாணமும் நாலு பேர் அறிய நடக்கவேண்டும். கொடுக்கல் வாங்கலும் நாலு பேர் அறிய நடக்கவேண்டும். யார் அந்த நாலு பேர் என்று கேட்டால் ஒருவராலும் பெயர் சொல்ல முடியாது. அவர்கள் சாட்சிகள் மட்டுமல்லர். சாட்சி என்பவர் தாம் கண்டதை அறிவார். நாலு பேரோ, தாம் கண்டதோடு, மற்ற மூவரும் கண்டார்கள் என்பதையும் அறிவார்கள். தாம் கண்டதை அம்மூவரும் அறிவார்கள் என்பதையும் அறிவார்கள். இந்த இரண்டாவது அறிவுதான் சடங்கின் சரக்கு. ஒவ்வொருவரும் அறிந்திருப்பது வேறு, யாவரும் அறிந்திருக்கிறார்கள் என்பதை யாவரும் அறிந்திருப்பது வேறு.

ஸ்காட்லாந்து தேசத்துத் தத்துவ ஞானியாகிய டேவிட் ஹியூம், ஒரே படகில் ஆளுக்கொரு துடுப்புப் பிடித்து வலிக்கும் இருவரை எடுத்துக்காட்டி, அவர்கள் ஒருவருக்கொருவர் வாக்குறுதி கொடுத்துக்கொள்ளாமலே உடன்பட்டு வலிப்பதைக் குறிப்பிட்டார். ஒருவன் மட்டும் வலித்தால் படகு சுற்றிச் சுற்றி வரும். ஆகவே மற்றவன் வலிப்பான் என்ற நம்பிக்கை இருந்தாலொழிய எவனும் வலிக்கமாட்டான். அமெரிக்கரான டேவிட் லூயிஸ் 1969இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணத்தை விரித்துரைத்து, உலக வழக்கங்கள் யாவும் இப்படிப்பட்ட பரஸ்பர எதிர்பார்ப்பின்மேல் நிற்கின்றன என்றார். பின்னர் 2001இல் மைக்கேல் சுவே என்ற பேராசிரியர், பொதுச் சடங்குகள் இந்தப் பொது அறிவை உண்டாக்கும் கருவிகளே என்று நூலொன்றில் வாதித்தார். வட்டமாக உட்காரும் கூட்டங்களைப் பற்றி அவர் கூறியதைப் படித்தபோது எனக்கு நம் பெண்களின் கும்மிதான் நினைவுக்கு வந்தது. கும்மியில் ஒருத்தி மற்றெல்லாருடைய முகத்தையும் பார்க்கிறாள். மற்றெல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவது ஏன் என்று நம் பகுத்தறிவாளர் பரிகாசம் செய்வதுண்டு. முதல் தடவை பாடுவது செய்தியைச் சொல்வதற்கு. மறு தடவை பாடுவது, எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிவதற்கு. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்றும் பொருள் உண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்க.

தோட்டத்து மக்களுக்கு இந்தத் தத்துவத்தைப் புத்தகத்திலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1929இல் இந்தக் கேமரன் மலையில் முதல் பெருந்தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, அதற்கும் முன்னரே சமவெளி ரப்பர்த் தோட்டங்களில், நாள்தோறும் விடியுமுன் நடந்துவந்த சடங்கு ஒன்று உண்டு. அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆள் கணக்கு எடுப்பதற்காக நடப்பது அது என்று சொல்லுவார்கள். கணக்கு எடுப்பதற்கு வேறு வழிகள் எத்தனையோ உண்டு. கங்காணி வீடு வீடாகப் போனாலும் முடியும். ஆனால், இருட்டிலும் பனியிலும் ஒரே களத்தில், பெயர் கூப்பிட்டவுடன் ஒவ்வொருவரும் மற்றவர் காதுபடக் குரல் கொடுப்பதில், கணக்கைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று முடிந்துவிடுகிறது. இன்றைக்கு ஒருவரும் மறுக்கவில்லை என்பதை எல்லாரும் கண்டுவிடுகிறார்கள். இப்போது எங்கள் மலையில் கொழுந்து வெட்டுவோரிற் பலர் வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாது. பெரட்டு மட்டும் எல்லாருக்கும் புரிகிறது.

ஆகவே, சடங்கு கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று சொல்லி மகிழ்ந்துபோவதற்கு முன்னால், எந்த ஒழுங்கை, யாருக்காக என்று கேட்பது முறையாகும்.

1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு இன்னொரு கோரிக்கையும் அன்று வைக்கப்பட்டது. துரையையோ தோட்டத்து உத்தியோகஸ்தரையோ எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதே அது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் இந்தச் செய்தியை முதன்முதல் வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வயிற்றுக்குப் போதாத கூலியைப் பற்றிப் பேசும் இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? இறங்கி ஏறுவதற்கு எத்தனை விநாடி ஆகும்?

இப்போது யோசிக்குங்கால், அந்தக் கோரிக்கையை வைத்தவர்கள் எந்தத் தத்துவப் பேராசிரியருக்கும் குறைந்தவர்களல்லர் என்றே தோன்றுகிறது. தோட்டத்துச் சாலையில் ஒரு தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்குகிறான். துரைக்கு அதனால் ஒரு காசு இலாபமில்லை. ஆனால் அவன் இறங்குவதைப் பால் எடுத்துவரும் பெண் பார்க்கிறாள். பள்ளிக்குப் போகும் பையன் பார்க்கிறான். வேறொரு தொழிலாளி பார்த்துக்கொண்டே தானும் இறங்குகிறான். மனத்துக்குள்ளே ஒவ்வொருவனும் குமுறிக்கொண்டிருக்கலாம். ஆயினும் ஒவ்வொருவனும் காண்பது மற்றவன் குமுறலையல்ல, மற்றவன் இறங்குவதையே. "நான் ஒருவன்தான் இப்படி நினைக்கிறேன் போலும்" என்ற எண்ணத்தை நாளொன்றுக்குப் பத்துத் தடவை, போலீஸ் இன்றி, செலவு இன்றி, அந்தச் சிறிய சடங்கு உண்டாக்கிவந்தது. கூலி குறைவு என்பது ஒரு குறை. கூலி குறைவென்று சேர்ந்து சொல்ல முடியாதபடி செய்தது சைக்கிள் சடங்கு. குறையைத் தீர்க்கவேண்டின் முதலில் எதை ஒழிக்கவேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். (அந்த வணக்கத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்ட உத்தியோகஸ்தர்களுள் என் தொழிலின் முன்னோரான கிராணிமாரும் உண்டு என்பதை இவ்விடத்தில் மறைப்பது நேர்மையாகாது.)

வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று? தலைவராக விளங்கிய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டனர். தோல்வி என்றுதான் அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். ஆனால் சைக்கிளை விட்டு இறங்காமல் இருக்கவேண்டும் என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டவர்கள், அதைச் சொல்லாத பழைய மக்களாக மறுபடியும் ஆகிவிட முடியுமா? இரண்டாண்டுக்குப் பின், 1943இல், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத்து ஆண்களும் பெண்களும் படை உடுப்பு அணிந்து அணிவகுத்தனர். அந்தப் படை போர்க்களத்தில் என்ன சாதித்தது என்பது வேறு விஷயம். பெரட்டுக் களத்தில் வேறொருவன் கட்டளைக்காக நின்று பழகிய கால்கள், தாமே தேர்ந்த காரியத்துக்காக வரிசையில் நின்று பார்த்தன. யுத்தம் முடிந்தபின் 1946இல் கெடாவிலே தொண்டர் படை தோன்றி, அதே அணிவகுப்பையும் உடுப்பையும் கொண்டு கள்ளுக்கடை மறியல் நடத்திற்று. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதலும் நேர்ந்தது. "குடிக்காதே" என்று ஒருவனுக்கு ஆயிரம் உபதேசம் செய்யலாம். தன்னுடன் குடிக்கும் பத்துப் பேரும் இன்று குடிக்கப்போவதில்லை என்பதை ஒரே மைதானத்தில் கண்ணால் கண்டவனுக்கு உபதேசம் தேவைப்படுவதில்லை.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் சொல்லவேண்டும். 2007ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராப் இயக்கத்தின் பேரால் பல்லாயிரம் தமிழர் கூடினர். அன்று பேசப்பட்ட குறைகளுள் புதியது எதுவுமில்லை. தோட்டம் துண்டாடப்பட்டதும் கோயில் இடிபட்டதும் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் அடுப்படியில் பேசிக்கொண்டவையே. அடுப்படிப் பேச்சு அன்று வீதிக்கு வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. அடுத்த மார்ச்சில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங் கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்ததற்கு அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் என்பார் மிகைபடக் கூறுவோர். அதற்குத் தொடர்பே இல்லை என்பாரும் எனக்கு அறிவுடையோராகத் தோன்றவில்லை.

சட்டம் இருந்தால் போதுமே, கூட்டமும் கொடியும் எதற்கு என்று படித்தவர் சிலர் கேட்பர். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரின் குளத்துக் கதை அவர்களுக்குத் தக்க விடையாகும். பொதுக் குளங்களைத் தாழ்த்தப்பட்டோரும் உபயோகிக்கலாம் என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானித்தது. மகாட் நகரசபையும் மறு ஆண்டு அதை ஏற்றது. தாளில் உரிமை வந்துவிட்டது. குளத்தில் ஒருவரும் இறங்கவில்லை. தனியே இறங்குபவனுக்கு என்ன நேரும் என்பது யாவருக்கும் தெரியும். 1927 மார்ச் 20ஆந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு ஊர்வலமாகச் சென்று அந்த நீரைக் கையில் அள்ளிப் பருகினார். ஒரு கைந்நீரைப் பலரறியக் குடித்த அந்தச் செய்கை, சட்டம் நான்கு ஆண்டில் செய்யாததைச் செய்தது. அதன்பின் அடியும் விழுந்தது என்பது உண்மையே. அடித்தவர்களும் அந்தச் சடங்கின் பொருளை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். நம் நாட்டுத் தேரோட்டத்தைப் போலக் கூட்டுழைப்புக்கு அழகான உருவம் வேறில்லை. ஆயிரங் கைகள் ஒரே மூச்சில் இழுத்தாலொழிய நகராத பொருள் அது. ஆயின் அந்த வடத்தில் யார் கை முதலில், யார் கை எந்தப் பக்கத்தில், யார் கை ஒருபோதும் படக்கூடாது என்பதும் அங்கேயே, அதே ஆயிரங் கண்முன், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுவந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமையை ஒடுக்கப்பட்டோர் கேட்டதால் எழுந்த வழக்கில், தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024இல்தான் மறுபடியும் ஓடிற்று. வடத்தைப் பகிர்ந்துகொள்வதினும் தேர் நின்றுபோவதே மேல் என்று ஒரு கூட்டம் நினைக்குமாயின், அங்கே இழுக்கப்பட்டது தேர் மட்டுந்தானா? முதல் மரியாதை, பரிவட்டம், பந்தி வரிசை யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. சாதி என்பது நூலில் எழுதியிருப்பதால் வாழவில்லை. விழாதோறும் நாலு பேர் அறிய நடித்துக் காட்டப்படுவதால் வாழ்கிறது.

இதை நம் பழைய சீர்திருத்தக்காரர் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதே என் எண்ணம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதற் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது புரோகிதரும் மந்திரமும் நீங்கின. ஆனால் கூட்டம் நீங்கவில்லை. இத்தகைய மணங்களில் மாலை உண்டு, தலைமை உண்டு, சொற்பொழிவுக்குக் குறைவே இல்லை. (சொற்பொழிவின் நீளத்தை நினைத்தால் மந்திரமே சுருக்கம் என்று சொன்ன குறும்பரும் உண்டு.) மணமக்கள் பதிவுத் தாளில் கையெழுத்திட்டு வீடு திரும்பியிருக்கலாமே? அங்ஙனம் செய்திருந்தால் இருவர் மணந்திருப்பர். ஒரு வழக்கம் பிறந்திராது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்ததும் இத்தன்மையதே. பட்டத்தை ஒருவன் தன் அறைக்குள் துறந்தால் ஊர் அவனைப் பழைய பெயராலேயே அழைக்கும். அந்தத் திருமணங்களைச் சென்னை அரசு சட்டப்படி செல்லும் என்று ஏற்றது 1967இல். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவை சட்டத்தின் துணையின்றி, நாலு பேரின் துணையாலேயே நின்றன.

ஆகவே சடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் வீண் வாதம். கூடி வாழ்வோர்க்கு அது வேண்டும். எதைக் கொண்டு நல்லதென்றும் தீயதென்றும் பிரிப்பது என்பதே கேள்வி. என் சிற்றறிவுக்கு எட்டிய அளவுகோல் ஒன்று உண்டு. எந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆம் என்று உரக்கச் சொல்லுகிறானோ, அதே கூட்டத்தில், அதே குரலில், இல்லை என்று சொல்லிவிட்டு அவன் பத்திரமாக வீடு திரும்ப முடியுமா? முடியுமாயின் அங்கே காணப்படும் ஒருமை உண்மையான ஒருமை. முடியாதாயின், அங்கே நிற்பவர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காவற்காரரே. சைக்கிளை விட்டு இறங்கியவனுக்கு இறங்காதிருக்கும் வழி இருக்கவில்லை. இந்த அளவுகோல் நம் தரப்புக் கூட்டங்களையும் விட்டுவைக்காது. கைதட்டலுக்கு நடுவே எழுந்து மறுத்துப் பேசிய தோழரை உட்காரவைத்த மேடைகளை நான் கண்டதுண்டு.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் எங்கள் தோட்டத்தில் இப்போது நடக்கும் ஒரு பேச்சே. தோட்டத்து வழக்கில் சடங்கு என்று மொட்டையாகச் சொன்னால் அது பெண்பிள்ளை வயதுக்கு வந்த விசேஷத்தையே குறிக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். முற்காலத்தில் அது உறவு முறைக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு. இந்த வீட்டில் மணத்துக்குரிய பெண் இருக்கிறாள் என்று அறிவிக்கும் தண்டோரா. பன்னிரண்டு வயதில் மணம் முடித்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று அந்தப் பெண் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். அவளை அலங்கரித்து மேடையில் இருத்தி, அவளுடைய உடம்பின் செய்தியை அழைப்பிதழில் அச்சிட்டு, பட்டணத்தில் மண்டபம் பிடித்து, கடன் வாங்கி விருந்து வைக்கிறோம். கடன் மனு எழுதவேண்டி என்னிடம் வரும் தாய்மாரிற் பலர், குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியத்தைச் சொல்லுகிறார்கள்: எங்களுக்கு இதில் இஷ்டமில்லை, நாலு பேருக்காகச் செய்கிறோம். அந்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். முந்தின மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வாக்கியத்தைச் சொன்னவர்கள்தாம் அவர்கள்.

இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நான் சொல்லிவிடலாம். சொன்னால் பயனில்லை, அது புறங்கூறலாகவும் முடியும். சீனர்களிடையே பெண்ணின் காலைக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கம் பல நூற்றாண்டு நிலைத்திருந்தது. ஒவ்வொரு தாயும் அதன் கொடுமையை அறிந்தவளே. கட்டாத காலுக்கு மணமகன் கிடைக்கமாட்டான் என்ற அச்சமே கட்டவைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இயற்கைப் பாதச் சங்கங்கள், பெண்ணின் காலைக் கட்டமாட்டோம் என்பதோடு, கால் கட்டிய பெண்ணை எங்கள் பிள்ளைக்குக் கொள்ளமாட்டோம் என்றும் பல குடும்பங்களைச் சேர்ந்தாற்போல உறுதி கூறச் செய்தன. அந்த இரண்டாம் பாதிதான் மருந்து. பலவிடங்களில் ஒரே தலைமுறைக்குள் வழக்கம் மறைந்தது. 1997 ஜூலையில் ஆபிரிக்காவின் செனகல் நாட்டில் மலிக்குண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், தம் பெண்மக்களுக்குச் செய்துவந்த உறுப்பறுப்புச் சடங்கை விட்டுவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்ததும் இவ்வழியே. சடங்கை ஒழிப்பதற்கும் ஒரு சடங்கு வேண்டியிருந்தது.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. நான் ஒருவன் மட்டும் செய்யாதிருந்தால், கிராணி கஞ்சன் என்றோ, பெண்ணுக்கு ஏதோ குறை என்றோ பேச்சு எழும். அதன் பாரத்தைச் சுமப்பவள் அவளேயன்றி நானல்லன். எனவே ஆடித் திருவிழாவுக்கு வரி குறிக்கக் கோயில் முன்றிலில் எல்லா வீட்டாரும் கூடும் நாளில், இதையும் பேசுவது என்று என் மனைவியும் லயத்துப் பெண்கள் சிலரும் முடிவு செய்தனர். இசைந்தவர்கள் ஒரு தாளில் பெயர் எழுதுவது, எழுதிய பெயர்களை அங்கேயே உரக்க வாசிப்பது, விருந்துக்குப் பதிலாக வீட்டோடு ஒரு பொழுது சமையல், அழைப்பிதழ் கிடையாது என்பது ஏற்பாடு.

லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார். தாளின் தலையில் கிராணியார் பெயர் இருக்கக்கூடாது. கடன் மனு எழுதும் கை முதலில் கையெழுத்திட்டால், பின்னால் வரும் கையெழுத்து மனசார வந்ததா பயந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாமற் போகும் என்றார். இசையாதவர்களும் அன்று பேசவேண்டும், அவர்களைக் கேலி செய்யலாகாது என்றும் சொன்னார். அவருடைய பேத்திகள் இருவருக்கும் ஈப்போவில் மண்டபம் பிடித்துச் சடங்கு செய்தவர் அவர். தாளை என் மனைவி வைத்திருக்கிறாள். முதல் வரியில் பாட்டியின் கைந்நாட்டு இருக்கிறது. நான் கையெழுத்திடும் முறை வரிசையின் கடைசியில்.